தாளிப்பும் கிருமிகளும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



புகைவண்டி நிலையத்தில் சரக்குக் கணக்கு எழுதும் குமாஸ்தாவுக்குக் கிருமிகளைப் பற்றி என்ன தெரியும் என்று சிலர் புன்னகை புரிகின்றீர்கள். பத்தாம் வகுப்புக்கு மேல் நான் கற்றவனல்லன். என் வீட்டில் நேர்ந்த ஒரு தவறே என்னை இதைப் படிக்கத் தூண்டிற்று.

சில ஆண்டுகளுக்கு முன் குடும்பத்துடன் மாயவரம் வண்டியில் ஊருக்குப் புறப்பட்டோம். நண்பகலில் வடித்த சோற்றில் தேங்காய்ச் சாதம் கிளறி, சூட்டோடு தூக்கில் அடைத்தோம். "இரவு வரை தாங்குமா?" என்று என் மனைவி ஐயுற்றாள். "கடுகு, பெருங்காயம், கறிவேப்பிலை எல்லாம் தாளித்திருக்கிறதே! கிருமி அண்டாது" என்றேன் நான். வண்டி திருச்சியை நெருங்குமுன் என் இளைய மகள் வாந்தியெடுத்தாள். பின்னர் பேதியும் கண்டது. ஊர் சேர்ந்த பின்னும் அன்று பகல் முழுதும் ஓமத்தைக் கொதிக்கவைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மாலையில் குழந்தையின் கண்கள் குழி விழுந்ததைக் கண்டபின்தான் மருத்துவரிடம் ஓடினோம்.

நான் நம்பியது முற்றும் பொய்யன்று. ஓமத்தின் தைலத்தில் தைமால் என்னும் பொருள் மிகுதியாக உண்டு. முதல் உலகப் போருக்கு முன் நம் நாட்டு ஓமம் ஜெர்மனிக்குக் கப்பலேறி, அங்கே தைமால் பிரித்தெடுக்கப்பட்டது. கொக்கிப்புழு நோய்க்கு அது மருந்தாயிருந்தது. கிராம்பிலும் துளசியிலும் உள்ளது யூஜினால். பல் மருத்துவர் அறையில் வீசும் மணம் அதுவே. கற்பூரவல்லியில் கார்வக்ரால், பட்டையில் சின்னமால்டிஹைடு. பூண்டின் சங்கதி வேறு. முழுப் பல்லில் அல்லிசின் இராது, நசுக்கினால்தான் உண்டாகும். இத்தைலங்கள் பாக்டீரியாவின் மெல்லிய உறையில் கரைந்து புகுந்து அதனைப் பொத்தலாக்குகின்றன. உள்ளிருக்கும் சத்து வெளியே கசிந்து கிருமி மடிகிறது. நம் ஸ்டேஷனுக்கு அருகே செலுவாம்பா மாளிகையில் 1950-இல் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் வாசனைப் பொருள்களை ஆராய்வதற்கென்றே ஒரு துறை உண்டு. அன்றாடம் அந்த மதிலோரம் நடக்கும் நமக்கு இது பெருமையல்லவா?

ஆனால் ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தட்டு வேறு, தூக்குப்பாத்திரம் வேறு. உணவிலுள்ள கொழுப்பும் புரதமும் தைலத்தைப் பற்றிக்கொள்வதால் அதன் வலி குன்றுகிறது. கிருமியைக் கொல்லும் அளவுக்குச் சேர்த்தால் வாயில் வைக்க முடியாது. மேலும், தாளிக்கும்போது தெருக்கோடி வரை மணக்கிறதே, அது வாணலியை விட்டுப் பறந்துபோன தைலம்! தவிர, உலர்ந்த மிளகு முதலிய சரக்குகளிலேயே கிருமிகளின் விதைகள் ஒட்டியிருப்பதுண்டு.

வெப்ப நாட்டார் காரசாரமாக உண்பது கிருமிக்கு அஞ்சியே என்று பில்லிங், ஷெர்மன் என்னும் இருவர் 1998-இல் எழுதினர். 36 நாடுகளின் 4,578 சமையற் குறிப்புகளை அவர்கள் ஆராய்ந்திருந்தனர். 2021-இல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் 33,750 குறிப்புகளைச் சலித்து, அதற்குத் தக்க சான்றில்லை என்றனர். எனக்குப் பின்னவர் கூற்றே பொருத்தமாகப் படுகிறது.

எங்கள் தூக்கில் நடந்தது என்ன? சோற்றில் வளரும் பாசில்லஸ் சீரியஸ் என்னும் கிருமியாயிருக்கலாம் என்றார் மருத்துவர். அதன் விதை கொதிநீரிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கும்; மறுபடி சுடவைத்தாலும் வாந்தி உண்டாக்கும் அந்த நஞ்சு அழியாது. புளியோதரை தாங்குவது தாளிப்பினால் அன்று, புளிப்பினால்.

ஓமநீர் வயிற்று உப்புசத்துக்கு இதமளிக்கலாம். பேதியில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யாது. மருத்துவர் முதலில் கொடுத்தது உப்புச் சர்க்கரைக் கரைசல்தான். கடையில் பொட்டலம் கிடைக்காவிடில், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டிய அளவு. தாய்மார்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன். அளவு தெரியாமல் உப்பை அள்ளிப் போடுவதும் ஆபத்து. மறுநாள் மாலை என் மகள் எழுந்து உட்கார்ந்து மோர்சாதம் கேட்டாள்.

வரும் பொங்கலுக்கும் ஊருக்குப் போகிறோம். சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி ஆறவைத்துப் புளிக்காய்ச்சலைக் கலந்து எடுத்துக்கொள்வோம். தேங்காய்ச் சாதத்தை வீட்டிலேயே உண்டுவிட்டு வண்டியேறுவோம்.