கைபேசிக்கும் துண்டு முறையா?

(மடுல்சீமையில் தொழில்வல்லாரும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



கைபேசியைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு சட்டத்தரணி இந்த மலையேறி வரவேண்டுமா என்று சிலர் எண்ணக்கூடும். வரவேண்டிய காரணம் உண்டு. 2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டை மறந்திருக்கமாட்டீர்கள். கைபேசித் திரையில் கியூ.ஆர். குறியைக் காட்டிப் பெற்றோல் பெற்ற காலம் அது. வங்கிக் கணக்கும், பிள்ளைகளின் பாடமும், கொழும்பிலும் வளைகுடா நாடுகளிலும் உழைக்கும் நம் மக்களின் குரலும், மரக்கறியின் சந்தை விலையும் இன்று அந்தச் சிறு கண்ணாடிப் பலகையின் வழியாகவே நம் இல்லம் வந்து சேர்கின்றன. உரிமைகள் எந்த வாயிலால் வருகின்றனவோ, அந்த வாயிலின் சாவி யார் கையில் இருக்கிறது என்று கேட்பது அரசியலே அன்றி வேறன்று.

மலையகத்தார்க்குத் துண்டு முறையை விளக்க வேண்டியதில்லை. ஆயினும் இளைஞர் பொருட்டுச் சொல்வோம். பெரிய கங்காணியிடம் முன்பணம் பெற்றுக் கடல் கடந்து வந்த தொழிலாளி, அக்கடன் தீராமல் வேறு தோட்டத்திற்குப் போக முடியாது. கடன் இவ்வளவு, அதைச் செலுத்துவோர் இவனை அழைத்துக்கொள்ளலாம் என்று எழுதிய துண்டு வேண்டும். கால் அவனுடையது, நடக்கும் உரிமையோ துண்டினுடையது! 1921ஆம் ஆண்டில் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. நூறாண்டு கழிந்தபின் அது வேறு வேடத்தில் நம் சட்டைப்பையில் குடியேறியிருக்கிறது என்பதே நமது வாதம்.

நாம் விலை கொடுத்து வாங்கிய கைபேசியில், நாம் வேண்டாத செயலிகள் பலவற்றை நீக்க முடியாது. அதனை இயக்கும் மென்பொருளை மாற்ற வேண்டுமெனின், செய்த கம்பெனி பூட்டைத் திறந்துவிட்டால்தான் உண்டு. அக்கம்பெனி புதுப்பித்தலை நிறுத்திய நாளில், உடையாத கருவியும் பழுதுபட்ட கருவியாகிவிடுகிறது. பற்றுச்சீட்டு நம் பெயரில். ஆட்சி பிறர் கையில். லயத்துக் காம்பராவில் நான்கு தலைமுறை வாழ்ந்தவனும் சுவரில் ஒரு சன்னல் திறக்கத் தோட்ட நிருவாகத்தின் அனுமதியை நாடி நின்ற கதையை அறிந்தோர், இதன் பொருளை எளிதில் உணர்வர்.

இதற்கு மாற்றாக லினக்ஸ் கைபேசிகள் என்று சில பேசப்படுகின்றன. அவை மெய்யாகவே மாற்றுத்தானா? கையாளும் எளிமை, கருவியின் வலிமை, மென்பொருளின் சுதந்திரம் என்னும் மூன்று படிக்கற்களை வைத்து நிறுத்துப் பார்ப்போம்.

முதலில் சுதந்திரம் என்ற சொல்லை வரையறுத்துக்கொள்வோம். 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்னும் அமெரிக்கர் க்னூ திட்டத்தை அறிவித்தார். 1991இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்னும் உட்கருவை வெளியிட்டார். இவ்வியக்கம் கோரும் உரிமைகள் நான்கு: எந்த நோக்கத்திற்கும் மென்பொருளை இயக்கும் உரிமை, அதன் மூலநிரலைக் கற்று மாற்றும் உரிமை, படியெடுத்து அயலாருக்குக் கொடுக்கும் உரிமை, மாற்றியதைப் பரப்பும் உரிமை. க்னூ பொது உரிமம் என்ற ஆவணம் பதிப்புரிமைச் சட்டத்தையே கருவியாகக் கொண்டு, பெற்றவன் பிறருக்கும் அதே உரிமையை வழங்கவேண்டும் என்று கட்டுகிறது. அடைக்கச் செய்த வேலியைக் கொண்டே பொதுநிலத்தைக் காத்த அருஞ்செயல் அது.

ஆனால் லினக்ஸ் என்ற பெயர் மட்டும் போதாது. ஆண்ட்ராய்டும் அதே உட்கருவின்மேல் எழுந்ததுதான். அண்டை நாடாகிய இந்தியாவின் அனுபவத்தைப் பாருங்கள். 2014 ஆகஸ்டில் மொசில்லாவின் பயர்பாக்ஸ் இயங்குதளத்துடன் இன்டெக்ஸ் கிளவுட் எப்.எக்ஸ். 1,999 இந்திய ரூபாவுக்கு வந்தது. சுதந்திரம் இருந்தது, விலையும் மலிவு. ஆனால் நினைவகம் 128 எம்.பி. மாத்திரமே. மூன்றாம் தலைமுறை வலையமைப்பும் இல்லை. நோஞ்சான் மாட்டின்மேல் நல்ல நுகத்தை வைத்தால் உழவு நடக்குமா? 2015 சனவரியில் சாம்சங் இசட்1, டைசன் என்னும் லினக்ஸ் வழி இயங்குதளத்துடன் 5,700 ரூபாவுக்கு வந்தது. செயலிகள் போதாமல் தேங்கியது. அதன் செயலிக் கடையும் 2021 இறுதியோடு மூடப்பட்டது. 2017இல் வந்த ஜியோபோன், பயர்பாக்ஸ் இயங்குதளத்தின் வழித்தோன்றலாகிய கய்ஓஎஸ் கொண்டது. 1,500 ரூபா வைப்புப் பணத்துக்கு ஏழைகளின் கைக்கும் சென்றது; ஆனால் ஜியோ சிம் தவிர வேறொன்றை ஏற்காது. உள்ளே லினக்ஸ், வெளியே துண்டு!

இனி, சுதந்திரத்தையே நோக்கமாகக் கொண்டு எழுந்த கைபேசிகளுக்கு வருவோம்.

பைன்64 குழுவினரின் பைன்போன் 2020இல் வந்தது. அப்போதைய விலை ஏறத்தாழ 150 டொலர். முதுகுமூடியைக் கையால் கழற்றலாம், மின்கலத்தை மாற்றலாம். உள்ளே இருக்கும் சிறு ஆளிகளால் ஒலிவாங்கி, கமரா, மோடம் முதலியவற்றைத் தனித்தனியே துண்டிக்கலாம். பல இயங்குதளங்களை விரும்பியபடி ஏற்றலாம். ஆயின் அதன் செயலி ஆல்வின்னர் ஏ64 என்னும் பழைய வகை. நினைவகம் 2 அல்லது 3 ஜி.பி.; பிரதான கமரா 5 மெகாபிக்சல். ஒரு பக்கத்தைத் திறக்கவும் பொறுமை வேண்டும். பின்னர் 399 டொலருக்கு வந்த பைன்போன் புரோ வேகத்தில் முந்தியது.

பியூரிசம் கம்பெனியின் லிப்ரம் 5, 2017இல் மக்களிடம் முன்பணம் திரட்டி 599 டொலருக்கு உறுதியளிக்கப்பட்டது. 2019 இறுதியில் வழங்கத் தொடங்கினார்கள். பலர் நெடுங்காலம் காத்திருக்க நேர்ந்தது. மூன்று ஆளிகள் வெளிப்புறத்திலேயே உள்ளன: கமராவும் ஒலிவாங்கியும் ஒன்றில், வைபையும் புளூடூத்தும் ஒன்றில், மோடம் ஒன்றில். அதன் பியூர்ஓஎஸ், கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையால் ஏற்கப்பட்டது. சுதந்திரப் படிக்கல்லில் முதலிடம் இதற்கே. உடலோ தடிப்பு, விலையோ உயர்வு, வேகமோ நடுத்தரம். இவ்விரண்டு கைபேசிகளிலும் மோடத்தின் உள்நிரல் முழுவதும் நம் கைக்கு வந்துவிடவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

பின்லாந்தின் ஜொல்லா கம்பெனி தரும் செயில்பிஷ் கையாள்வதற்கு எளிது. ஆண்ட்ராய்டு செயலிகளையும் ஓட்டும். ஆனால் அதன் முகப்பும் அவ்வசதியும் மூடிய நிரல்கள். எளிமையை வாங்குவதற்குச் சுதந்திரத்தில் ஒரு பங்கை விற்றார்கள் என்க. உபுண்டு டச்சின் வரலாறு வேறு. கெனானிக்கல் கம்பெனி 2015இல் கைபேசியை இறக்கி, 2017 ஏப்ரலில் கைவிட்டது. மூலநிரல் பொதுவாக இருந்தமையால் யூபிபோர்ட்ஸ் என்னும் தன்னார்வலர் அதனை எடுத்து வளர்த்தனர். துரை விட்டுப்போன தோட்டத்தைத் தொழிலாளரே ஏற்று நடத்தியது போன்ற செயல்! டைசனின் கடை மூடப்பட்டதையும் இதனையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான்கு உரிமைகளின் பயன் அங்கே தெரியும்.

சரி, நம்மவர் வாங்கலாமா? 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளியின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,350 ரூபாவென வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. டொலருக்கு 300 ரூபா என்று கொண்டால், பைன்போன் 33 நாள் கூலி. லிப்ரம் 5, அதன் தொடக்க விலையிலேயே, 133 நாள் கூலி. சுங்கமும் அனுப்புகூலியும் இதற்குப் புறம்பு. முப்பத்துமூன்று நாள் கொழுந்து பறித்து வாங்கிய கருவி, வங்கிச் செயலியை ஓட்ட மறுத்தால் என்ன பயன்? லினக்ஸ் கைபேசிகளில் வேய்ட்ராய்டு என்னும் வழியால் ஆண்ட்ராய்டு செயலிகளை இயக்கலாம். ஆயினும் வங்கிச் செயலிகள் பல, கம்பெனியின் முத்திரையில்லாத இயங்குதளத்தைக் கண்டால் கதவைச் சாத்திவிடுகின்றன.

ஏட்டில் உள்ள உரிமை வேறு, கைக்கு எட்டும் உரிமை வேறு என்பதை நாம் புத்தகத்தில் படித்தறியவில்லை. 1948இல் பிரஜாவுரிமை பறிக்கப்பட்டு, 1964இல் இரு அரசாங்கங்கள் நம்மைப் பங்கிட்டு, 2003இன் சட்டம் வரை காத்திருந்த மக்கள் நாம். 1987இல் தமிழும் அரசகரும மொழியென அரசியலமைப்பில் எழுதப்பட்ட பின்னரும் தமிழ்ப் படிவத்திற்காக நாள் கணக்கில் அலைந்தவர்கள் நாம். ஆகவே, பயன்படாத சுதந்திரத்தைப் பாராட்டி அமைய நம்மால் இயலாது. சுதந்திரமில்லாத வசதிக்கு மயங்கவும் இயலாது.

நமது தீர்ப்பு இதுவே. கட்சிக்காரரின் இரகசியங்களைக் காக்கும் சட்டத்தரணியும், நோயாளரின் செய்திகளைக் காக்கும் வைத்தியரும், கற்பிக்கும் ஆசிரியரும் வசதியிருப்பின் இத்தகைய கருவியை இரண்டாவது கைபேசியாகக் கொண்டு பழகட்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அங்கீகாரத்தையும், நம் வலையமைப்பில் குரல் அழைப்பு கிடைக்குமா என்பதையும் தமிழ் எழுத வருமா என்பதையும் முன்னரே கேட்டறிக. தமிழில் குறையிருப்பின், அதனை நாமே திருத்தலாம். க்னோம், கேடீஈ மென்பொருள்களைத் தன்னார்வலர் தமிழாக்கியது எவரிடமும் அனுமதி வேண்டியன்று.

விவசாயிக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் வேறு வழி உண்டு. 2017இல் தொடங்கிய போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ், ஒரு கைபேசி பத்தாண்டு வாழவேண்டும் என்ற கொள்கையுடையது. லீனியேஜ்ஓஎஸ் என்பது கம்பெனிகள் கைவிட்ட ஆண்ட்ராய்டு கருவிகள் பலவற்றுக்குப் புதுவாழ்வு தருகிறது. எல்லா மாதிரிகளுக்கும் இவை பொருந்தா. ஆகையால் அடுத்த கைபேசியை வாங்குமுன் கடைக்காரரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இதன் பூட்டைத் திறக்க முடியுமா? புதுப்பித்தல் எத்தனை ஆண்டு வரும்? மின்கலத்தை மாற்ற இயலுமா? விடை தெரியாத கடையில் அவசரப்பட்டு வாங்காதீர்கள். பசறையிலோ பதுளையிலோ கைபேசி திருத்தும் இளைஞர் இத்தொழிலைக் கற்றால், ஊருக்கும் நன்மை, அவருக்கும் வருவாய்.

அரசாங்கத்தை நோக்கியும் ஒரு கோரிக்கை உண்டு. எந்த அரச சேவையும் ஒரு கம்பெனியின் கைபேசி இருந்தால்தான் கிடைக்கும் என்ற நிலை வரலாகாது. இணையப் பக்கம், குறுஞ்செய்தி, கடதாசி ஆகிய வழிகள் மூன்று மொழியிலும் திறந்திருக்க வேண்டும். இது பேராசையன்று, இந்நாட்டால் இயலாததும் அன்று. 2004 டிசம்பர் ஆழிப்பேரலையின் பின் இலங்கைத் தன்னார்வலரே எழுதிய சகானா என்னும் கட்டற்ற மென்பொருள், காணாமற்போனோரைத் தேடவும் நிவாரணத்தை ஒழுங்குசெய்யவும் பயன்பட்டு, பின்னர் பிற நாடுகளுக்கும் சென்றது. துயரத்தின் நடுவில் அதனைச் செய்தவர்கள், அமைதிக் காலத்தில் ஒரு படிவத்தைத் திறந்த முறையில் செய்ய முடியாதென்று சொல்வார்களா?

தோழர்களே! துண்டு தானாகக் கிழிந்துவிடவில்லை. அது அநீதியென்று பலர் பல்லாண்டு பேசிய பின்னரே சட்டம் அசைந்தது. இன்று நம் கையிலுள்ள கருவிக்கும் அதே பேச்சைத் தொடங்குவோம். வாங்கியவனே உடையவன் என்ற எளிய நியாயம், மடுல்சீமையின் லயத்திலிருந்து கொழும்பின் அமைச்சு வரை ஒலிக்கட்டும்.