எழுதிக் கொடுத்த ரகசியம்



பிள்ளைப் பிராயத்தில் பெற்றோரின் இடுப்பில் அமர்ந்தோ அவர்கள் கையைப் பிடித்தோ அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்குள் வந்து சேர்ந்து, அந்நாட்டுப் பள்ளிகளிலேயே அரிச்சுவடி தொடங்கிப் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயின்று, தோழர்களோடு அவர்களுள் ஒருவனாகவே வளர்ந்த இளைஞன் ஒருவனுக்கு, கல்லூரி விண்ணப்பத்தை நிரப்ப உட்காரும் வேளையிலேதான், சர்க்கார் தரும் சோஷியல் செக்யூரிட்டி எண் கேட்கும் கட்டத்தில் எழுதத் தன்னிடம் ஒன்றும் இல்லை என்பதும், சட்டத்தின் பார்வையில் தான் அந்நாட்டில் அனுமதியின்றி வாழ்பவன் என்பதும் பல சமயங்களில் தெரிய வருகின்றன. அன்று முதல், வெளியே ஒருவரிடமும் மூச்சு விடக் கூடாது என்பது அவனுக்கும் வீட்டு விதியாகிவிடுகிறது. இத்தகைய மாணவர்களுக்கு அங்குள்ள கல்லூரிகள் செய்யும் உதவியைப் பற்றியும், அவ்வுதவிக்கு ஆதாரமாக நிற்பது எது என்பதைப் பற்றியும் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

பள்ளிப் படிப்பைப் பொறுத்த வரையில் இவ்விவகாரம் என்றோ முடிவு கண்டது. முறையான அனுமதி பெறாத பிள்ளைகளின் கல்விக்குச் சர்க்கார் பணம் கிடையாது என்று டெக்சஸ் மாகாணம் 1975-இல் சட்டம் இயற்றியது. அதைப் பற்றிக்கொண்டு டைலர் என்னும் ஊரின் பள்ளி நிர்வாகம், 1977-இல், அத்தகைய பிள்ளை ஒன்றுக்கு ஆண்டுக்கு 1,000 டாலர் கட்டணம் விதித்தது. மெக்சிகோவிலிருந்து வந்து அவ்வூரில் பிழைத்துக்கொண்டிருந்த சில குடும்பங்கள், தங்கள் பெயரை மறைத்துப் புனைபெயரில் வழக்குத் தொடுத்தன. அவர்கள் பிறர் கண்ணில் படாமல் வந்து போவதற்காக நீதிபதி காலை 6 மணிக்கே விசாரணையைத் தொடங்க, நியாயஸ்தலத்திலிருந்தே தங்களைப் பிடித்து நாடு கடத்தினாலும் கடத்துவார்கள் என்று எண்ணிய அப்பெற்றோர், தட்டுமுட்டுச் சாமான்களைக் காரில் ஏற்றிக்கொண்டே வந்து சேர்ந்தார்கள். 1982-இல் சுப்ரீம் கோர்ட், ஐவருக்கு நால்வர் என்ற விகிதத்தில், அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. பெற்றோரின் செய்கைக்காகக் குழந்தையைத் தண்டிப்பது நியாயத்திற்கு அடுக்காது என்பது தீர்ப்பை எழுதிய நீதிபதி வில்லியம் பிரென்னனின் வாதத்தின் சாரம்.

ஆனால் அத்தீர்ப்பின் கை பள்ளிக்கூட வாசலோடு நின்றுவிட்டது. மத்திய சர்க்காரின் மானியமும் கடனும் இம்மாணவர்களுக்கு இல்லை. வசிப்பிடத்தை மட்டும் காரணமாகக் காட்டி உள்ளூர்க் கட்டணச் சலுகை அளிப்பதற்கும் 1996-ஆம் ஆண்டுச் சட்டம் தடை போட்டது. கலிபோர்னியா சர்வகலாசாலையில் வெளி மாகாணத்தார் கட்டும் கட்டணம் உள்ளூராருடையதைப் போல் மூன்று மடங்குக்கும் மேல் என்பதை நினைத்தால், கூலி வேலை செய்யும் ஒரு குடும்பத்திற்கு இத்தடையின் பொருள் விளங்கும். 2001-இல் முதலில் டெக்சஸும், பின்னர் கலிபோர்னியாவும் இதற்கு மாற்று வழி கண்டன. வசிப்பிடத்தைக் கேளாமல், மாகாணத்து உயர்நிலைப் பள்ளியில் மூன்று ஆண்டுகள் படித்துத் தேறினானா என்று மட்டும் கேட்டது கலிபோர்னியா அன்று வகுத்த வழி. அதோடு, சட்ட அந்தஸ்து பெறும் வாய்ப்பு வந்தவுடன் விண்ணப்பிப்பேன் என்று ஆவணமில்லா மாணவன் பிரமாணப் பத்திரம் ஒன்றில் கையெழுத்திட வேண்டும்.

அந்தக் கையெழுத்தைச் சற்றே நின்று கவனியுங்கள். எந்தச் செய்தியை ஒளித்து ஒரு குடும்பம் பல்லாண்டு காலம் பிழைத்ததோ, அதே செய்தியை, கீழே பெயரும் தேதியும் இட்டு, முன்பின் அறியாத ஓர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தால்தான் உதவி கிட்டும். ஆகையால், கல்லூரி அம்மாணவனுக்கு எத்தனை டாலர் தருகிறது என்ற கேள்விக்கு முன்பே, அவன் சொன்ன ரகசியத்தை அது காக்குமா என்ற கேள்வி எழுந்துவிடுகிறது.

இதை உணர்ந்த கல்லூரிகள் பணத்தோடு ஆளையும் வைத்தன. பெர்க்லி நகரத்துச் சர்வகலாசாலை 2012-இல் இவர்களுக்கென்றே ஓர் உதவி நிலையம் திறந்தது. பாடப் புத்தகத்தை இரவல் தருவது, வழக்கறிஞரோடு பேச வழி செய்வது, படிப்பைப் பற்றி யோசனை கூறுவது என்று அங்கே நடப்பவை யாவும் பார்வைக்குச் சிறியவையே. உதவித்தொகைக்கான இரண்டு படிவங்களில் மத்திய சர்க்காருக்குப் போவது எது, மாகாணத்திற்குள்ளேயே தங்குவது எது என்று விரல் வைத்துக் காட்டி, "தம்பி, நீ நிரப்ப வேண்டியது இது" என்று சொல்ல ஒருவர் இருந்தால், அச்சம் கொண்ட மாணவனுக்கு அதைவிடப் பெரிய உபகாரம் வேறு என்ன? இத்தகைய ஒருவரைச் சமுதாயக் கல்லூரிகளிலும் மாகாணச் சர்வகலாசாலைகளிலும் நியமிக்க வேண்டுமென்று கலிபோர்னியா 2019-இல் சட்டமே செய்தது.

இதற்கிடையே மத்திய சர்க்காரும் ஒரு நிழல் தந்தது. 2012-இல் ஜனாதிபதி ஒபாமாவின் ஆட்சி, சிறு வயதில் வந்தவர்களை நாடு கடத்தாமல் விட்டு, இரண்டிரண்டு ஆண்டுகளாக வேலை அனுமதியும் அளிக்கும் டாகா ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அந்த உத்தரவில் கையொப்பமிட்ட ஜேனட் நபோலிடானோ பின்னர் கலிபோர்னியா சர்வகலாசாலையின் தலைவராகி, அதை ரத்துச் செய்ய முற்பட்ட அடுத்த ஆட்சியின் மீது சர்வகலாசாலையின் சார்பிலேயே வழக்குத் தொடுத்ததும், 2020-இல் சுப்ரீம் கோர்ட் அந்த ரத்து முறைப்படி செய்யப்படவில்லை என்று தள்ளியதும் சரித்திரத்தில் இடம்பெறத் தக்கவை. எனினும், 2007 ஜூன் முதல் அந்நாட்டில் தொடர்ந்து வசித்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனையாதலால், இன்று பதினெட்டு வயதில் கல்லூரி புகுவோரில் மிகப் பெரும்பாலோருக்கு அந்த நிழலும் இல்லை.

இருக்கும் இடங்களும் வரிப்பணமும் நாட்டின் பிரஜைகளுக்கே முதலில் உரியவை என்போரின் வாதத்தை அலட்சியம் செய்வதற்கில்லை. ஆயினும், பன்னிரண்டு ஆண்டுகள் செலவழித்து வளர்த்த பயிருக்குக் கதிர் விடும் பருவத்தில் நீரை அடைப்பதால் களஞ்சியத்திற்கு ஆதாயம் இல்லை என்பதும் கணக்கறிந்தோர் மறுக்க முடியாத விஷயம்.

எனினும், 2025 ஜூன் மாதத்தில், மத்திய சர்க்கார் டெக்சஸின் 2001-ஆம் ஆண்டுக் கட்டணச் சலுகைச் சட்டத்தை எதிர்த்து வழக்கிட, மாகாணமும் எதிர்வாதம் செய்யாமல் உடன்பட, இருபத்து நான்கு ஆண்டுகளாக நடந்து வந்த அச்சலுகை வழக்குப் பதிவான அன்றே முடிவுற்றது. சலுகை தருவதும் நிறுத்துவதும் அரசாங்கங்களின் அதிகாரத்தில் உள்ளவை. அவை காலத்துக்குக் காலம் மாறலாம். டெக்சஸிலும் இதே போல் பிரமாணம் எழுதி வாங்கியிருந்தார்களே, அவற்றில் கையெழுத்திட்ட மாணவர்கள் தம் ரகசியத்தை இனித் திரும்பப் பெற வழியில்லை. ஆகவே, உள்ளதைச் சொல் என்று ஓர் இளைஞனிடம் கேட்டு வாங்கிய கல்லூரிக்கு, சலுகை போன பின்னரும், அவன் எழுதிக் கொடுத்ததை அவனுக்கு எதிராகப் பயன்படவிடாமல் காக்கும் கடமை மிஞ்சி நிற்கிறது என்பதே என் துணிபு.