தலையும் மோட்டார் சாவியும்

(கோடைக்கானல் நாயுடுபுரத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று எனக்குப் பேசக் கொடுத்திருக்கும் விஷயம் பார்வைக்கு மிகவும் சிறியது. மோட்டார் வண்டியைத் தூரத்தில் நின்றே திறக்கவும் பூட்டவும் ஒரு ரிமோட் சாவி இருக்கிறதல்லவா? அதைக் கையில் வைத்து அமுக்கினால் வண்டிக்கு எட்டாத தூரத்திலிருந்து, அதே சாவியை மோவாய்க்கட்டைக்கு அடியில் ஒட்டி வைத்துக்கொண்டு அமுக்கினால் எட்டுகிறது, வண்டி விளக்கைச் சிமிட்டுகிறது என்று டாக்ஸி ஓட்டும் தோழர்கள் சொல்லுகிறார்கள். இது மெய்தானா, மெய்யானால் மனித சரீரத்தில் அப்படி என்ன இருக்கிறது என்பதே கேள்வி.

இதற்கு ஒரு கூட்டமா என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் இந்தச் சிறு சங்கதியை வைத்துக்கொண்டு இரண்டு தரப்பார் பேசுவதைக் கவனியுங்கள். ஒரு தரப்பார், "பார்த்தீர்களா, உடம்பில் ஒரு காந்த சக்தி இருக்கிறது, ஜபதபம் செய்தவனுக்கு அது அதிகம், அதைப் பெருக்கிக்கொள்ள இதோ காப்பு இருக்கிறது, தகடு இருக்கிறது" என்று ஆரம்பித்து விலை சொல்லுவதில் முடிக்கிறார்கள். இன்னொரு தரப்பார் நம்மவர்களே. அவர்கள் சாவியைக் கையில் எடுத்துக்கூடப் பார்க்காமல், "எல்லாம் சுத்தப் புரட்டு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். இந்த இரண்டாவது தரப்பார், தாங்கள் அறியாமலேயே முதல் தரப்பாருக்கு வியாபாரம் பிடித்துக் கொடுக்கிறார்கள் என்பதே என் அபிப்பிராயம். எப்படியென்றால், நாளைக்கு அந்தக் காப்பு விற்பவன் நூறு பேர் முன்னிலையில் சாவியைத் தாடையில் வைத்து வண்டியைத் திறந்து காட்டுவான், வண்டியும் திறக்கும். அப்போது ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? புரட்டு என்று சொன்னவன் வாய்ச்சொல் பொய்யாயிற்று, ஆகவே காப்பும் மெய்தான் என்றல்லவா முடிவு கட்டுவார்கள்?

ஆகையால் உள்ளதை உள்ளபடி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாவியைத் தலையோடு சேர்த்து வைத்து அமுக்கினால் பெரும்பாலும் தூரம் கூடுகிறது என்பது வாஸ்தவம். அதில் சந்தேகமில்லை. சந்தேகம் எல்லாம் அதற்குச் சொல்லும் காரணத்தில்தான்.

அந்தச் சாவிக்குள் இருப்பது என்ன? ரூபாய் நாணயம் போன்ற ஒரு 3 வோல்ட் பாட்டரியும், கம்பியில்லாத் தந்தி அனுப்பும் ஒரு குட்டி யந்திரமும்தான். நம் நாட்டு வண்டிகளில் அது பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸ் என்னும் அளவில் மின் அலையை விடுகிறது. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் 315 அதிகம். அது வெளியே விடும் பலம் ஒரு வாட்டில் நூற்றில் ஒரு பங்குக்கு மேல் போவதில்லை. 433 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 69 செண்டிமீட்டர். அப்படிப்பட்ட அலையை நன்றாக வெளியே தள்ளவேண்டுமானால் ஏரியல் கம்பி அதில் கால் பங்காவது, அதாவது ஒரு சாண் அளவுக்காவது வேண்டும். சாவியின் உள்ளே இருப்பதோ விரற்கடை அளவு வளையம். அதனால் பாட்டரி கொடுக்கும் சொற்ப பலத்திலும் பெரும்பகுதி வெளியே போகாமல் உள்ளேயே சூடாகி வீணாகிறது.

இப்போது தலைக்கு வருவோம். நம் சரீரத்தில் பெரும்பாகம் தண்ணீர். அதுவும் வெறும் தண்ணீரல்ல, உப்புத் தண்ணீர். அந்த அலைக்கு எதிரில் அது ஒரு மட்டமான ஏரியலைப்போல நடந்துகொள்ளுகிறது. சாவியைத் தாடையில் ஒட்டியவுடன், வெளியே போகத் தவித்துக்கொண்டிருந்த அலை தலையையும் கழுத்தையும் பற்றிக்கொண்டு அங்கே ஒரு மெல்லிய மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. அந்த ஓட்டம் திரும்ப அலையை வெளியே விடுகிறது. விரற்கடை அளவு ஏரியல் தலையளவு ஏரியலாகிவிட்டது, அவ்வளவுதான். வீணைத் தந்தியை வெறும் இரண்டு ஆணிக்கு நடுவே கட்டி மீட்டினால் பக்கத்திலிருப்பவனுக்குக்கூடக் கேட்காது. அதையே பலாமரத்துக் குடத்தின்மேல் ஏற்றினால் சபை முழுதும் கேட்கிறது. குடம் தன் பங்குக்கு ஒரு காசு பலமும் சேர்ப்பதில்லை; விரல் கொடுத்த பலத்தில் கொஞ்சத்தைத் தானும் விழுங்கிவிடுகிறது. மிச்சத்தை வெளியே விடும் வழியை மாத்திரம் அகலமாக்குகிறது. தலையும் அப்படியே.

இதற்காக சக்தி என்று ஒன்றைத் தேடுவானேன்? இங்கிலாந்தில் நாட்டிங்காம் சர்வகலாசாலையைச் சேர்ந்த ராஜர் பௌலி என்னும் பௌதிகப் பேராசிரியர், தலைக்குப் பதிலாகத் தண்ணீர் நிறைந்த புட்டியை வைத்தே இதைச் செய்து காட்டியிருக்கிறார். தண்ணீர்ப் புட்டி எந்தக் குருவிடம் உபதேசம் பெற்றது? எத்தனை நாள் விரதம் இருந்தது? அன்றியும், வேதம் படித்தவன் தலையிலும், ரோட்டுக்குக் கல் உடைப்பவன் தலையிலும் அதே உப்புத் தண்ணீர்தான் இருக்கிறது. சாவி இருவருக்கும் ஒரே மரியாதைதான் செய்கிறது.

நிற்க, தலையே எல்லாவற்றையும் செய்துவிடுகிறது என்று எண்ணிவிடக் கூடாது. சாவியை இடுப்பண்டை வைத்து அமுக்குகிறவன், தாடைக்குக் கொண்டுபோகும்போது இன்னொரு காரியத்தையும் செய்துவிடுகிறான். உயரத்தை மாற்றிவிடுகிறான். மட்டமான திறந்த வெளியில், தூரம் கொஞ்சம் அதிகமானபோது, ஏரியலின் உயரம் இரட்டித்தால் போய்ச்சேரும் பலம் நான்கு மடங்காகும் என்பது கணக்கு. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து 1.6 மீட்டருக்குத் தூக்கினால், தலையில் ஒட்டாமலே ஏறக்குறைய இரண்டரை மடங்கு கிடைத்துவிடும். உயரத்தின் மகிமையை இவ்வூராருக்கு நான் சொல்லவேண்டியதில்லை. 100.5 மெகாஹெர்ட்ஸில் பேசும் கோடை பண்பலை கீழே எத்தனையோ ஜில்லாக்களில் கேட்கிறதென்றால், மலையின் உயரம்தான் அதற்கு முக்கிய காரணமேயொழிய, பழனியாண்டவர் கிருபையல்ல.

இவ்வூரில் இன்னொரு சங்கடமும் உண்டு. மேடும் பள்ளமும், தகரக் கூரைகளும், நெருக்கி நிறுத்திய வண்டிகளும் அலையைத் திருப்பித் திருப்பி அடிக்கின்றன. நேராக வந்த அலையும் திரும்பி வந்த அலையும் ஓரிடத்தில் ஒன்றையொன்று தின்றுவிடும். அங்கிருந்து ஒரு முழம் தள்ளினால் இரண்டும் கூடிக்கொள்ளும். ஆகவே எட்டவில்லை என்று நின்றவன் அரையடி எடுத்து வைத்ததுமே எட்டிவிடுவதும் உண்டு. அந்தச் சமயத்தில் அவன் வாயில் எந்தச் சாமியின் பெயர் இருந்ததோ அந்தச் சாமிக்கு யோகம்! மூடுபனியின்மேல் பழி போடுகிறவர்களும் இருக்கிறார்கள். பனித்துளி 69 செண்டிமீட்டர் அலைக்கு ஒரு பொருட்டே அல்ல.

சரீரம் எப்போதும் உதவி செய்வதுமில்லை. சாவியைப் பைக்குள் வைத்து, வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அமுக்கிப் பாருங்கள். அதே உப்புத் தண்ணீர் அலையை வாங்கி விழுங்கிவிடும். காந்த சக்தி என்று ஒன்று உடம்பெல்லாம் வழிந்துகொண்டிருக்குமானால் முதுகுப்பக்கம் மாத்திரம் அது லீவு எடுத்துக்கொள்ளுமா? சாவியைப் பையில் வைத்திருந்தாலே கதவு திறக்கிற புது வண்டிகளிலோ, வண்டி முதலில் வெகு தாழ்ந்த அளவில், 125 கிலோஹெர்ட்ஸ் போல, சாவியைக் கூப்பிடுகிறது. அது ஓரிரண்டு மீட்டர்தான் எட்டும். அங்கே தலையை எவ்வளவு ஆட்டினாலும் பயனில்லை.

தலையில் வைப்பதால் மூளைக்குக் கெடுதி வராதா என்று ஒரு சகோதரி சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். நியாயமான கேள்வி. மணிக்கணக்காகக் காதில் வைத்துப் பேசுகிற கைப்பேசியில் பழைய ரகங்கள் ஒரு சமயத்துக்கு 2 வாட் வரை விடக்கூடியவை. சாவி விடுவது அதில் இருநூற்றில் ஒரு பங்கு. அதுவும் ஒரு நொடி நேரம். கைப்பேசிக்கே உடம்பில் ஒரு கிலோவுக்கு 1.6 வாட் என்று 2012 செப்டம்பர் முதல் நம் நாட்டில் வரம்பு கட்டியிருக்கிறார்கள். சாவி அந்த வரம்பின் கிட்டேகூடப் போகாது.

இனி அந்தக் காப்பு விஷயம். கையில் மாட்டினால் உடம்பின் சக்தி சீராகும் என்று சொல்லி பவர் பாலன்ஸ் என்னும் கம்பெனி உலகமெல்லாம் ரப்பர் வளையம் விற்றது. 2010 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் சர்க்கார் கேள்வி கேட்டவுடன், தாங்கள் சொன்னதற்கு நம்பத்தகுந்த விஞ்ஞான ஆதாரம் இல்லையென்று அவர்களே ஒப்புக்கொண்டு, பணத்தைத் திருப்பித் தருவதாகவும் சொல்ல நேர்ந்தது. அங்கே கேட்பதற்கு ஒரு சர்க்கார் இருந்தது. இங்கே நாள் முழுதும் வண்டி ஓட்டிச் சம்பாதித்ததில் காப்புக்குக் கொடுக்கும் ரூபாயைக் கேட்க யார் இருக்கிறார்கள்? இலங்கையில் வாழ்ந்த டாக்டர் ஆப்ரகாம் கோவூர், ஏமாற்ற வழியில்லாத நிபந்தனையில் அற்புதம் செய்து காட்டுவோருக்கு ஒரு லக்ஷம் ரூபாய் தருவதாக 1963-ல் அறிவித்தார். அவர் 1978-ல் இறக்கும் வரை அதை ஒருவரும் ஜெயிக்கவில்லை. அவர் வேண்டியது மந்திரமல்ல, நிபந்தனைதான்.

ஆகவே நாமும் நிபந்தனையோடு பார்ப்போம். வெளியே வண்டி ஒன்று நிற்கிறது. வேண்டியது ஒரு பிளாஸ்டிக் குடம். பித்தளைக் குடமானால் அதுவே அலையை மறித்து, கணக்கைக் கெடுத்துவிடும். ஒரே இடத்தில் நின்று, முதலில் இடுப்பளவில் அமுக்குவது. பிறகு தாடை உயரத்தில், ஆனால் தாடையில் படாமல் ஒரு கழியில் கட்டி. பிறகு தாடையில் ஒட்டி. பிறகு அதே உயரத்தில் வெறுங்குடத்தில் ஒட்டி. கடைசியாக அதே குடத்தில் உப்புத் தண்ணீர் நிரப்பி. ஒவ்வொன்றையும் பத்துத் தடவை செய்யவேண்டும். வண்டியண்டை நின்று விளக்கு சிமிட்டுவதை எண்ணுகிறவர் நமக்கு முதுகைக் காட்டி நிற்கவேண்டும். எந்த முறை நடக்கிறதென்று அவருக்குத் தெரியக்கூடாது. காப்பு போட்ட தோழர் யாராவது இருந்தால், அவர் காப்போடு பத்துத் தடவையும் காப்பில்லாமல் பத்துத் தடவையும் அமுக்கட்டும். எண்ணிக்கையை அக்கிராசனர் எழுதிக்கொள்வார். குடம் கொண்டுவரப் போன பையன் வந்துவிட்டான் என்று சொல்லுகிறார்கள். எல்லோரும் வெளியே வரலாம்.