புத்தகக் கடைக்காரரைக் கேளுங்கள்



சம்பள நாளுக்கு மறுநாள் நம் வீட்டுத் தாய்மார்கள் ஒரு கணக்குப் போடுவார்கள். அரிசி, மாவு, மின்கட்டணம், பள்ளிப் பேருந்துக் காசு, சீட்டுப் பணம் என்று அது நீளும். அதில் புத்தகம் என்ற சொல் வருமானால், அது பிள்ளையின் பயிற்சி நூலாகத்தான் இருக்கும். அதைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. யூ.பி.எஸ்.ஆர். சோதனை 2021-இல் நீக்கப்பட்ட பிறகும் பயிற்சி நூல் வாங்கச் சொல்லிக் குறிப்பு எழுதி அனுப்புகிறவர்கள் ஆசிரியர்களாகிய நாங்கள்தானே! இன்று பேச வந்தது, வீட்டில் எல்லாரும் படிக்கக்கூடிய புத்தகத்தைப் பற்றியும் அது கிடைக்கும் கடையைப் பற்றியும்.

நாங்கள் குடியிருப்பது செலாயாங்கில். பாடம் சொல்லிக் கொடுப்பது தோட்டப் பள்ளியில். செலாயாங் அடுக்குமாடி வீடுகளில் இருப்பவர்களில் பலர் ஒரு தலைமுறைக்கு முன் லயத்தில் இருந்தவர்கள். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. சில இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. அம்மா தோட்டத்திலும் மகன் செலாயாங்கிலுமாக ஒரே குடும்பம் இரண்டு இடத்தில் வாழ்வதும் உண்டு. அம்மாவைப் பார்க்கப் போகும் மகன் பழமும் ரொட்டியும் வாங்கிப் போகிறான். ஒரு புத்தகமும் வாங்கிப் போகலாம் அல்லவா?

செலாயாங்கிலிருந்து நகருக்குப் போகும் வழி ஈப்போ சாலை. (அதன் ஒரு பகுதிக்கு 2014-இல் சுல்தான் அஸ்லான் ஷா சாலை என்று பெயர் மாறிற்று. நம்மவர் வாயில் அது இன்னும் ஈப்போ சாலைதான்.) அதில் நாலாம் மைல் வட்டாரத்தில் இருக்கிறது ஜெயபக்தி புத்தக நிலையம். பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் பக்கம் போகிறவர்கள் அங்கேயும் தமிழ்ப் புத்தகம் விற்கும் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். இத்தகைய கடைகளில் முன்னால் பயிற்சி நூலும் நாள்காட்டியும் இருக்கும். கதைப் புத்தகம் பின்னால் இருக்கும். பயிற்சி நூல் விற்ற காசில்தான் நாவல் அலமாரி நிற்கிறது என்பது எங்கள் கணிப்பு. ஆகவே தயங்காமல் பின்னால் வரைக்கும் நடந்து போங்கள்.

எந்தப் புத்தகத்தை எடுப்பது? இதில் நாங்களே ஒரு முறை தவறிவிட்டோம். நன்றாகப் படிக்கும் ஒரு மாணவனுக்குப் பரிசாகப் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களையும் வாங்கிக் கொடுக்கும்படி அவன் தாயாரிடம் சொன்னோம். பாவம், அந்த அம்மாள் இரண்டு மாதம் காசு சேர்த்து வாங்கினார். அடுத்த ஆண்டு அவர்கள் வீட்டுக்குப் போனபோது ஐந்து பாகங்களும் கண்ணாடித் தாள் பிரிக்காமல் தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேலே அடுக்கியிருந்தன. பையன் கெட்டிக்காரன்தான். ஆனால் அவனுக்குக் கால்பந்து என்றால் உயிர் என்பதை நாங்கள் விசாரிக்கவில்லை.

ஒரு கடைக்காரப் பெரியவர் அப்படியல்லர். யார் போனாலும் முதலில், "யாருக்கு ஐயா? அவர் கடைசியாக எதைப் படித்துச் சிரித்தார்?" என்று கேட்பார். படிப்பு வராத பாட்டிக்கு என்றால் பேரன் வாய்விட்டுப் படிக்கும்படி பெரிய எழுத்துக் கதைப் புத்தகம். வேலைக்குப் புறப்படும் இளைஞனுக்கு என்றால் மு. வரதராசனாரின் 'தம்பிக்கு'. அந்தக் கேள்வியில் இருக்கும் படிப்பு எங்கள் பயிற்சிக் கல்லூரியில் கிடைக்கவில்லை.

இப்படிப்பட்ட கடை ஓர் ஊருக்கு எவ்வளவு வேண்டியது என்பதற்கு யாழ்ப்பாணத்தைச் சொல்லலாம். 1981 ஜூன் முதல் நாளை ஒட்டிய இரவுகளில் அங்கே பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. அது உலகம் அறிந்த செய்தி. அதே நாள்களில் பூபாலசிங்கம் புத்தகசாலையும் எரிந்தது. எழுத்தாளர்களும் மாணவர்களும் கூடிப் பேசிய கடை அது. பிறகு அது மீண்டும் எழுந்தது. கொழும்பிலும் கடை நடத்துகிறது.

நம் நாட்டில் தீ வைப்பார் இல்லை. ஆனால் புத்தகம் காணாமல் போவதற்குத் தீ வேண்டியதில்லை. நம் எழுத்தாளர் பலர் கைக்காசு போட்டு நூல் அச்சிடுகிறார்கள். மண்டபம் பிடித்து வெளியீட்டு விழா நடக்கும். பிரமுகர் ஒருவர் உறையில் பணம் வைத்து முதல் நூலைப் பெற்றுக்கொள்வார்; மாலை போடுவார்கள், படம் எடுப்பார்கள். மிச்சப் பிரதிகள் எழுத்தாளர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்விடும். பத்து ஆண்டு கழித்துத் தேடினால் கிடைக்காது. அந்த நூல்களில்தான் நம் கதை இருக்கிறது. அகிலன் தமிழ்நாட்டிலிருந்து வந்து பார்த்து நம் தோட்டங்களைப் பற்றிப் 'பால்மரக் காட்டினிலே' எழுதினார். அது நல்லது. ஆனால் அ. ரெங்கசாமியின் 'லங்காட் நதிக்கரை'யும் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயி'லும் இந்த மண்ணில் இருந்தவர்களே எழுதியவை. முதலில் இவற்றைக் கேட்டு வாங்குங்கள். இல்லை என்றால் பெயரை எழுதி வைத்துவிட்டு வாருங்கள். நாலு பேர் கேட்டால் கடைக்காரர் வரவழைப்பார்.

எங்கள் பள்ளியை அடுத்த லயத்தில் ஐந்து குடும்பங்கள் ஆளுக்கு ஐந்து வெள்ளி போட்டு மாதம் ஒரு புத்தகம் வாங்குவது என்று ஏற்பாடு செய்துகொண்டன. சீட்டைப் போலத்தான், புத்தகம் வீடு வீடாகச் சுற்றும். அப்படி வந்த ஒன்று 'சயாம் மரண ரயில்'. கடையில் அது ஒரே பிரதிதான் மீதமிருந்தது. 1942, 1943-ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்ட காலத்தில், மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டு போனார்கள். போனவர்களில் மிகப் பலர் திரும்பவில்லை.

பேத்தி வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். எண்பதை நெருங்கிய பாட்டி வெற்றிலை இடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். நாலாம் நாள், இடிப்பதை நிறுத்திவிட்டு, "எங்க அண்ணனையும் பிரட்டுக்களத்திலேருந்துதான் லாரியில ஏத்துனாங்க" என்றார். அப்படி ஓர் அண்ணன் இருந்தது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. பாட்டிக்கு அப்போது ஏழு வயதாம். அண்ணனுக்குச் சுருட்டை முடியாம். போகும்போது கையிலிருந்த வறுத்த மரவள்ளியை இவரிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். முகம் மறந்துவிட்டது, அந்த மரவள்ளி மறக்கவில்லை என்றார்.

அந்தப் பாட்டி இப்போது இல்லை. புத்தகம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அட்டை கிழிந்து, கோணிநூலால் தைத்திருக்கிறார்கள். முதல் பக்கத்தில் பேத்தி பென்சிலால் அந்த அண்ணன் பெயரை எழுதி, பக்கத்தில் 'சயாமுக்குப் போனவர்' என்று குறித்து வைத்திருக்கிறாள்.