கனவில் கண்ட கயிறு

(கமக்காரர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



சென்ற கிழமை நாம் ஒரு விந்தையான கனவு கண்டோம். இதே போன்றதொரு கூட்டம். வாயிலில் நின்றோர், உள்ளே வந்தவர் ஒவ்வொருவர் நெற்றியிலும் முத்திரை குத்தினர். வழக்கறிஞர் நெற்றியில் ‘அறிவாளி’. கமக்காரர் நெற்றியில் ‘பாமரன்’. மேடையில் இரண்டு துலாக்கயிறுகள் தொங்கின. குட்டைக் கயிற்றைக் காட்டி, ‘இதுவே நீளமானது’ என்றார் தலைமை தாங்கியவர். ‘ஆம்’ என்றார் வழக்கறிஞர். ‘ஆம்’ என்றார் ஆசிரியர். வைத்தியரும் தலையசைத்தார். நமது முறை வந்தது. கண்ணுக்குக் குட்டையாகவே தெரிந்த கயிற்றை நாமும் நீளமென்றே சொன்னோம்!

பின்வரிசையிலிருந்து முதிய கமக்காரர் ஒருவர் எழுந்தார். ‘அந்தக் கயிறு தண்ணீரைத் தொடாது, ஐயா’ என்றார். சபை நகைத்தது. நாமும் சேர்ந்து நகைத்தோம். நமது நகைப்பொலியே நம்மை எழுப்பிவிட்டது.

கனவுதானே என்று தள்ளிவிட முடியவில்லை. வார்சோவிற் பிறந்து அமெரிக்காவிற் பணியாற்றிய சொலமன் ஆஷ் என்ற உளவியலறிஞர், 1950களில் இதையே சோதித்துக் காட்டினார். முன்னரே பேசிவைத்துக்கொண்ட சிலர் நடுவே ஒரு மாணவரை இருத்தி, கோடுகளின் நீளத்தைக் கேட்டார். தனியே கேட்டபோது நூற்றுக்கு ஒரு பிழைகூட இல்லை. சூழ இருந்தோர் ஒரே குரலிற் பொய் சொன்னபோதோ, விடைகளில் ஏறத்தாழ மூன்றிலொன்று அப்பொய்யோடு சேர்ந்தது. ஆனால் இன்னும் ஒரேயொருவர் மெய்யைச் சொன்னால் போதும். அந்த இணக்கம் நாலிலொன்றாகச் சுருங்கியது.

முத்திரைக்கு வருவோம். முன்னாளில் அச்சுக்கூடத்தார் ஒருமுறை வார்த்த தகட்டைக்கொண்டு ஒரே பக்கத்தை ஆயிரம் முறை அச்சிட்டனர். மனிதரைப்பற்றி நாம் மனத்தில் வார்த்துவைத்த உருவங்களுக்கு அத்தகட்டின் பெயரையே 1922இல் இட்டார் வால்ட்டர் லிப்மன். அத்தகைய தகடுகள் நம்மிடமும் உண்டு. ‘சிங்களவர் எல்லோரும் ஒரே அச்சு’ என்கிறோம். 1956 ஜூனிலே தனிச்சிங்களச் சட்டமூலத்தை எதிர்த்து வாக்களித்த சமசமாசக் கட்சியினரும் கம்யூனிஸ்டுகளும் யார்? அவர்களிற் பெரும்பாலோர் சிங்களவரல்லரோ? (பின்னர் அக்கட்சிகள் வழுவியது வேறு கதை.) தம்மவர் கூச்சலுக்கு நடுவே அன்று எழுந்து நின்றவர்களை நாம் மறக்கலாமா? நம்மவருள் ஒருவர் அவ்வாறு எழுந்தால், ‘துரோகி’ என்ற முத்திரையை முதலில் எடுப்பவர் யார்?

ஆதலால் ஒரு பிரேரணை. இனி நமது கூட்டங்களிலே படித்தவர் இறுதியிற் பேசட்டும். பின்வரிசைக் கமக்காரர் முதலிற் பேசட்டும். இதனை மறுப்போர் இருந்தால், கைதட்டுமுன் எழுந்து சொல்லுங்கள்.