குட்டையும் நெட்டையும்: ஒரு போர்வை பின்னப் பழகுவோம்

(தோட்ட மாதருக்கான பின்னல் வகுப்பின் முதல் நாளில் ஆற்றிய உரை)



ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரம். நுவரெலியா 1,870 மீற்றருக்குக் கிட்ட. தை, மாசி விடியலில் நுவரெலியாப் பக்கம் விழுகிற உறைபனி தேயிலைக் கொழுந்தையே கருக்கிவிடும். அந்தக் குளிரில்தான் நாம் கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பிள்ளைக் காம்பராவுக்கு ஓடுகிறோம். விட்டுவிட்டு மலை ஏறினாலும் மனசு அங்கேயே நிற்கிறது. "புள்ளைக்குக் குளிருமே!" என்ற அந்தக் கவலைக்கு நம் கையாலேயே ஒரு வழி செய்யலாம். அதுதான் குரோஷே என்கிற கொக்கி ஊசிப் பின்னல்.

"கொழுந்துக் கறை பிடித்து வெடித்துப்போன இந்தக் கையாலா?" என்று கேட்பீர்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டும் பார்த்துக் கிள்ளுகிற விரலுக்கு இது பெரிய வித்தையே இல்லை. வெடிப்பில் நூல் மாட்டும் என்றால், முதல் நாள் இரவு கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு படுங்கள். அவ்வளவுதான்.

தேவையான சாமான் இரண்டே இரண்டு. 4 அல்லது 5 மில்லிமீற்றர் கொக்கி ஊசி ஒன்று, நடுத்தரத் தடிப்பில் நூல். புது நூல் வாங்க வசதியில்லையா? பழைய சுவெட்டரைப் பிரியுங்கள். பிரித்த நூலை நாற்காலி முதுகில் சுற்றி, நாலு இடத்தில் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துத் தொங்கப்போட்டால் சுருள் நீங்கி நேராகிவிடும்.

இனிப் பின்னலுக்கு வருவோம். முடிச்சுக் கண்ணுக்குள் ஊசியை விட்டு, நூலைக் கொக்கியில் மாட்டி, கண் வழியே இழுத்தால் ஒரு சங்கிலி. அப்படியே 21 சங்கிலி போடுங்கள். அடுத்துத் தெரிய வேண்டியது இரண்டு பின்னல். அவற்றுக்குக் குட்டை, நெட்டை என்று நாங்களே பெயர் வைத்திருக்கிறோம்.

குட்டை: ஊசியைக் கண்ணுக்குள் விட்டு நூலை இழுங்கள். ஊசியில் இரண்டு கண் நிற்கும். மறுபடி நூலை மாட்டி இரண்டுக்குள்ளும் ஒரே இழுவை.

நெட்டை: முதலில் நூலை ஊசியில் ஒரு சுற்றுச் சுற்றி, பிறகு கண்ணுக்குள் விட்டு இழுங்கள். மூன்று கண் நிற்கும். நூலை மாட்டி இரண்டுக்குள் இழுங்கள், மறுபடியும் மாட்டி மிச்சம் இரண்டுக்குள் இழுங்கள்.

முதல் சங்கிலியை விட்டுவிட்டு இரண்டாவதில் ஒரு குட்டை, அடுத்ததில் ஒரு நெட்டை என்று மாறி மாறிக் கடைசி வரை போங்கள். 20 பின்னல் வரும். ஒரு சங்கிலி போட்டுத் திருப்புங்கள். அந்தச் சங்கிலியைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். இரண்டாம் வரிசையிலும் அதே மாதிரி, குட்டையில் தொடங்கி நெட்டையில் முடியுங்கள். நெட்டையின் தலையில் குட்டை, குட்டையின் தலையில் நெட்டை. இது ஒன்றுதான் விதி. நாலைந்து வரிசையிலேயே துணி பொடிப்பொடியாகப் புடைத்து எழும்பும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், பெரிய ஓட்டை விழாது. அந்தப் புடைப்புக்குள்ளே காற்று தங்குவதால்தான் சூடும் தங்குகிறது.

எங்கள் முதல் போர்வை முக்கோணமாகப் போய்விட்டது! வரிசைக்கு ஒரு கண் தவறவிட்டதை முக்கால்வாசி பின்னிய பிறகுதான் கண்டோம். ஆகவே வரிசை முடிவில் எண்ணுங்கள். கடைசிப் பின்னல் நெட்டையாக இல்லாவிட்டால் எங்கேயோ பிழை. அந்த வரிசையை மட்டும் பிரித்தால் போதும்.

ஆங்கிலப் புத்தகம் பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் குட்டையை அமெரிக்கப் புத்தகத்தில் 'சிங்கிள்' என்பார்கள், பிரிட்டிஷ் புத்தகத்தில் 'டபிள்' என்பார்கள். நம் நெட்டை அமெரிக்கருக்கு 'டபிள்', பிரிட்டிஷாருக்கு 'டிரெபிள்'. குழம்ப வேண்டாம்.

பிள்ளைப் போர்வைக்கு 30 அங்குலச் சதுரம் போதும். மாதிரித் துண்டை அளந்து பாருங்கள். 20 பின்னல் 5 அங்குலம் என்றால், 30 அங்குலத்துக்கு 120 பின்னல். தொடக்கத்தில் 121 சங்கிலி. ஓர் உருண்டை நூல் முடிந்ததும் உயரத்தை அளந்தால், இன்னும் எத்தனை உருண்டை வேண்டுமென்று தெரிந்துவிடும்.

கவனிக்க வேண்டியவை மூன்று. கடையில் மலிவாகக் கிடைக்கும் அக்ரிலிக் நூல் சீக்கிரம் காயும், ஆனால் நெருப்புப் பட்டால் உருகி ஒட்டும், அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். நூல் முனைகளை உள்ளே கோர்த்து மறையுங்கள், பிஞ்சு விரலில் சுற்றினால் இரத்த ஓட்டம் நின்றுவிடும். தூங்குகிற பிள்ளையின் முகத்தை ஒருபோதும் மூடாதீர்கள்.

கை பழகியதும், "இதை விற்கலாமே" என்று தோன்றும். நல்லதுதான். ஆனால் ஒரு கதை கேளுங்கள். ஆந்திராவில் நர்சாப்பூர் என்று ஓர் ஊர். அங்கேயும் சுற்றுக் கிராமங்களிலும் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் குரோஷே லேஸ் பின்னுகிறார்கள். மரியா மீஸ் என்ற ஜெர்மன் அறிஞர் அவர்களைப் பற்றி 1982இல் புத்தகம் எழுதினார். சரக்கு வெளிநாட்டுக்குப் போனது, வியாபாரிகள் செழித்தார்கள், பின்னியவர்களுக்கோ மிகச் சொற்பக் கூலி. "வீட்டுப் பெண்கள் ஓய்வு நேரத்தில் செய்கிறது தானே" என்று அந்த உழைப்பை உழைப்பாகவே யாரும் எண்ணவில்லை. 2024இல் அந்த லேசுக்கு இந்தியாவின் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயர் வந்தது, ஆனாலும் பின்னுகிறவள் தன் நேரத்தைத் தானே கணக்கு வைத்தால்தான் கூலியைக் கேட்க முடியும்.

கொழுந்து நிறுக்கும்போது கிலோ குறைந்தால் நாம் சும்மா விடுகிறோமா? மணித்தியாலத்தையும் அப்படியே பாருங்கள். ஒரு கொப்பி வைத்து, நூல் விலை, பஸ் காசு, பின்னிய நேரம் மூன்றையும் எழுதுங்கள். யாராவது விலை கேட்டால் கொப்பியைப் பார்த்துச் சொல்லுங்கள்.

கடைசியாக, வாசலில் நிற்கிற அண்ணன்மாருக்கு ஒரு விண்ணப்பம். மலையிலிருந்து வந்து, தண்ணி பிடித்து, சமைத்து முடித்த பிறகு இவர்களுக்கு மிஞ்சுவது தூக்கம் மட்டும்தான். அதைப் பறித்துப் பின்னச் சொல்ல எங்களுக்கு மனசில்லை. நாளைக்கு ஓர் அரை மணித்தியாலம் அடுப்பை நீங்கள் பாருங்கள். அடுத்த பனிக்கு முன்னே உங்கள் பிள்ளைக்கு ஒரு போர்வை இருக்கும்.