மாதிரியின் பின்னால் நடப்போம்



உணவுப் பாதுகாப்புத் தணிக்கை பற்றிய இந்தக் கருத்தரங்கின் நோக்கத்தைத் தலைமை உரையில் விளக்குவது மரபு. அதை ஒரு பால் பாட்டிலிலிருந்து தொடங்குகிறேன்.

விடியற்காலையில் உணவுப் பாதுகாப்பு அலுவலர் ஒரு விற்பனையாளரின் கேனிலிருந்து பால் எடுக்கிறார். கேனை நன்றாகக் கலக்கச் சொல்கிறார். எடுத்த பாலுக்கு விலை கொடுக்கிறார். அருகில் ஒரு சாட்சி நிற்கிறார். சுத்தமாக உலர்ந்த நான்கு பாட்டில்களில் பால் பிரித்து ஊற்றப்படுகிறது. கெடாமலிருக்க ஃபார்மலின் சொட்டுகள் விழுகின்றன. நியமன அலுவலரின் கையொப்பமும் குறியீட்டு எண்ணும் கொண்ட சீட்டு பாட்டிலின் அடி முதல் தலை வரை சுற்றி ஒட்டப்படுகிறது. விற்பவரின் கையெழுத்து பாதி சீட்டிலும் பாதி உறைத்தாளிலும் படும்படி விழவேண்டும். பிறகு நூல், அரக்கு, முத்திரை. ஒன்று பகுப்பாய்வாளருக்கு, இரண்டு நியமன அலுவலரின் பொறுப்பில், நான்காவது, விற்பவர் கேட்டால், அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு.

இத்தனை கவனத்தோடு கட்டிய பாட்டில் அதன்பின் என்ன ஆனது என்று தணிக்கை கேட்கவேண்டும். நாம் கேட்பதோ, "இந்த வருடம் எத்தனை சாம்பிள் எடுத்தீர்கள்?"

பல ஆண்டுகளுக்கு முன், ஒரு மாவட்ட அலுவலகத்தில் தணிக்கைக் குழுவோடு உட்கார்ந்து மாதிரிப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். மிளகாய்த்தூள் ஒன்று. எடுத்த தேதி, அனுப்பிய தேதி, அறிக்கை வந்த தேதி என மூன்று பத்திகள். பதினான்கு நாளில் வரவேண்டிய அறிக்கை ஐந்தாம் மாதம் வந்திருந்தது. முடிவு: பாதுகாப்பற்றது, அனுமதியில்லாத சாயம். மிச்சச் சரக்கு என்ன ஆனது என்று கேட்டேன். இரண்டு ஒன்றியங்களை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்த அந்த அலுவலர் மறைக்காமல் சொன்னார்: "ரிப்போர்ட் வந்தப்ப கடையில அந்தச் சரக்கே இல்ல சார்." விற்றுத் தீர்ந்துவிட்டது. யார் வீட்டுக் குழம்பிலோ கரைந்துவிட்டது.

எங்கள் தணிக்கை அறிக்கையில் அந்த மிளகாய்த்தூள் இடம்பெறவில்லை. ஆண்டுக்கான மாதிரி இலக்கு எட்டப்பட்டிருந்தது. அதனால் எழுத ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டோம். அது தவறு. இன்றுவரை அது என்னை உறுத்துகிறது.

1954ஆம் ஆண்டின் கலப்படத் தடைச் சட்டத்தின் இடத்தில் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டம், 2006 வந்தது. 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் செயலாக்கத்தை ஆராய்ந்த இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2017ஆம் ஆண்டு அறிக்கையை இங்குள்ள பலரும் படித்திருப்பீர்கள். மாநில உணவு ஆய்வகங்கள் 72இல் 65க்கு, ஆய்வகங்களை மதிப்பிடும் என்.ஏ.பி.எல். அமைப்பின் அங்கீகாரம் இல்லை என்றது அது. சோதித்துப் பார்த்த உரிமங்களில் பாதிக்கு மேல் முழு ஆவணங்கள் இல்லாமலே வழங்கப்பட்டிருந்தன. எந்தக் கடையை எத்தனை முறை பார்ப்பது என்று ஆபத்தின் அளவை வைத்துத் தீர்மானிக்க எழுத்துபூர்வமான நடைமுறை எதுவும் இல்லை. அதன்பின் பல ஆய்வகங்கள் அங்கீகாரம் பெற்றிருக்கின்றன. அதில் அந்த அறிக்கைக்கும் பங்குண்டு என்றே நினைக்கிறேன்.

ஆய்வகம் தளர்ந்திருந்தால் என்ன ஆகும் என்பதை 2015 நமக்குக் காட்டியது. ஜூன் மாதம் மேகி நூடுல்ஸுக்குத் தடை வந்தது. ஆகஸ்ட் 13 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் தடையை நீக்கியது. நிறுவனத்தின் விளக்கத்தை முறையாகக் கேட்கவில்லை என்பது ஒரு காரணம். சோதித்த ஆய்வகங்களுக்கு உரிய அங்கீகாரம் இல்லை என்பது இன்னொன்று. மொகாலி, ஹைதராபாத், ஜெய்ப்பூர் ஆய்வகங்களில் மறுபடி சோதிக்கச் சொன்னது நீதிமன்றம். அந்த நூடுல்ஸ் நல்லதா கெட்டதா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. குழந்தைக்கு அதைச் சமைத்துக் கொடுத்த தாய் இரண்டு மாதம் எதை நம்பியிருப்பாள் என்பதுதான் என் கவலை.

ஆகவே தணிக்கைக் குழு மாவட்டத்துக்கு இருபது மாதிரிகளையாவது எடுத்து, ஒவ்வொன்றின் பின்னாலும் கடைசிவரை நடக்கவேண்டும் என்பது என் கோரிக்கை. பாட்டில் எந்த வெயிலில் பயணம் செய்தது? ஆய்வகத்தில் எத்தனை நாள் வரிசையில் நின்றது? 'பாதுகாப்பற்றது' என்று வந்த மாலையே கடைக்கு யாராவது போனார்களா? கண்காணிப்பு மாதிரி மட்டும் எடுத்திருந்தால் அதை வைத்து வழக்குப் போட முடியாது. சட்டப்படியான மாதிரியைப் பிறகு எடுத்தார்களா? அபராதம் விதித்தது பதிவேட்டில் ஒரு வரி. வசூலானது இன்னொரு வரி. இரண்டையும் பாருங்கள்.

தாமதம் தெரிந்தால் அலுவலர்மீது ஆட்சேபம் எழுதிவிட்டு எழுந்துவிடாதீர்கள். அவருக்கு வண்டி உண்டா, மாதிரியை வைக்கக் குளிர்பெட்டி உண்டா, பகுப்பாய்வாளர் பணியிடம் எத்தனை மாதம் காலியாகக் கிடந்தது என்பதையும் அதே பத்தியில் எழுதுங்கள்.

நுகர்வோர் அமைப்பினருக்கு ஒரு சொல். சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி, வாங்கியவரே கட்டணம் கட்டிப் பொருளைச் சோதிக்கக் கொடுக்கலாம். குற்றம் உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். இந்தப் பிரிவை எத்தனை பேர் பயன்படுத்தினார்கள், கட்டணம் திரும்பி வந்ததா என்று எந்தத் தணிக்கைக் குழுவும் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்கவைப்பது உங்களால் முடியும்.

பிற்பகல் அமர்வுக்கு ஆறு மாதிரிகளின் கோப்புகளைப் பெயர்களை மறைத்து மேசையில் வைத்திருக்கிறோம். கட்டுரைகளுக்குப் போகுமுன் அவற்றிலுள்ள தேதிகளை அனைவரும் சேர்ந்து படிப்போம். முதல் கோப்பு ஒரு பால் மாதிரி.